குழாயடி நட்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். "வெள்ளைக்காரனுக்கு வயசானா நாதியில்லை. பிள்ளைங்க பார்க்காது. அதனாலதான் வீட்டை வித்துட்டு வண்டியில ஏறி ஊர் ஊரா அலையுறான்." எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் ஆட்டுவதில்லை. ஏனென்றால் இதைச் சொல்பவர்களில் பலர் மூன்றாவது மாடி ஃபிளாட்டில், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் இருப்பவர்கள். நாதியில்லாதவன் யார் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 34 வருடம் அரசாங்கத்தில் குறிப்பு எழுதிய கை இது. ஆதாரம் இல்லாமல் எழுதாது.

என் மனைவியின் தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குபவர். அங்கேயே குடும்பம். அவரிடம் ஒரு காம்பிங்-கார் இருக்கிறது. அதாவது கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த வண்டி. மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் இரண்டு தம்பதிகள், 18 நாள், லுவார் ஆற்றை ஒட்டி அட்லாண்டிக் கடற்கரை வரை அதில் போய் வந்தோம்.

பிரான்சில் சின்னச் சின்ன ஊர்களில்கூட மேரி, அதாவது நகராட்சி, இந்த வண்டிகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். சில ஊர்களில் இலவசம், சில ஊர்களில் சில யூரோ. அங்கே ஒரு கம்பம் நிற்கும். அதில் நல்ல தண்ணீர்க் குழாய். கீழே அழுக்குத் தண்ணீர் விடக் கம்பி மூடிய சாக்கடை. பக்கத்தில் கழிப்பறைப் பெட்டியைக் கொட்டும் இடம். அவ்வளவுதான். அதைத்தான் நான் குழாயடி என்கிறேன்.

நம் ஊரில் குழாயடி என்றால் சண்டை. அங்கே நட்பு பிறப்பதே அந்த இடத்தில்தான். ஒருவருடைய ரப்பர் குழாய் நீளம் போதாது. இன்னொருவரிடம் மாட்டும் மூடி பொருந்தாது. "போன்ழூர் முசே, உங்களிடம் இருக்கிறதா?" என்று ஆரம்பிக்கும். நல்ல ரொட்டிக் கடை எது, நாளைக்குப் போகிற ஊரில் குழாய் வேலை செய்கிறதா என்று போகும். சாயங்காலம் யாராவது ஒரு புட்டியைத் திறந்து அபெரோவுக்குக் கூப்பிடுவார்கள். என் மைத்துனர் பெத்தாங் உருண்டைகளை எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் ஆட்டம் சேர்ந்துவிடும். நம் ஊர் சொல்தாக்களுக்கு அது கைவந்த கலை அல்லவா! பள்ளியில் பெரியவர்களை 'வூ' என்றே அழைக்கப் பழகிய என்னை இரண்டாம் நாளே 'தூ' என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஓர் இரவு என் மனைவிக்குத் தலைசுற்றல். மைத்துனர் பக்கத்து வண்டியைத் தட்டினார். அதிலிருந்த அம்மாள் ஓய்வுபெற்ற நர்ஸ். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரைகளை வாங்கிப் படித்துவிட்டு, விடியும்வரை இரண்டு முறை வந்து பார்த்தார். காலையில் அவர்கள் வேறு திசையில் போக வேண்டியவர்கள். போகாமல், எங்களுக்கு முன்னால் வண்டியை ஓட்டி டாக்டர் இருக்கும் ஊர்வரை வழிகாட்டினார்கள். இன்றும் பொங்கலுக்கு அந்த அம்மாள் போன் செய்கிறார். என் ஃபிளாட்டில் யாரும் செய்வதில்லை.

"அது ஒரு நாள் பழக்கம், நாளைக்கு யார் யாரோ" என்பீர்கள். சரி, அமெரிக்காவைப் பாருங்கள். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வயதானவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த வண்டிகளோடு அங்கே வந்து சேர்கிறார்கள். ஊருக்குத் தெற்கே மத்திய அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர்தான் கட்டணமாக இருந்துவந்தது. ஏழு மாதத்துக்கு! அங்கேயும் தண்ணீருக்கும் கழிவுக்கும் பொது இடம் உண்டு. ஒவ்வொரு குளிர்காலமும் திரும்பி வந்து அதே பழைய சிநேகிதர்களைத் தேடுபவர்கள் ஏராளம்.

ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதி 1978-இல் எஸ்கேப்பீஸ் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். வண்டியிலேயே வாழ்பவர்களுக்கான சங்கம். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அதன் தலைமையிடம். அதை ஒட்டி ஒரு பராமரிப்பு மையமும் உண்டு. உடம்பு முடியாமல் இனி ஓட்ட இயலாதவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு அதிலேயே வாழலாம். சாப்பாடு கிடைக்கும், டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். சாலையில் பழகிய சிநேகம் படுக்கை வரை கூட வருகிறது. இதை ஒரு நாள் பழக்கம் என்று எந்தக் கோப்பில் எழுதுவது?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆசைக்காக வண்டி ஏறியவர்களைப் போல, வாடகை கொடுக்க முடியாமல் ஏறியவர்களும் உண்டு. ஜெசிக்கா புரூடர் 2017-இல் 'நோமட்லேண்ட்' என்று அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு அது படமாகி ஆஸ்கர் வாங்கியது. எழுபது வயதில் கிடங்கில் சரக்கு எடுத்து வைத்துப் பிழைப்பது கொடுமைதான். அதற்கு அந்த நாடு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏழைகளும் பாலைவனத்தில் வருடம் ஒருமுறை கூடி, எங்கே நிறுத்தலாம், பழுதை எப்படிச் சரிசெய்வது, செலவை எப்படிக் குறைப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறார்கள். காசு இல்லாதவனும் துணை தேடிக்கொள்கிறான். நம்மில் பென்ஷன் வாங்குபவன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது நம் நாட்டுக்கும் கேரவன் சுற்றுலா வந்துவிட்டது. கேரளம் 2021-இல் திட்டம் அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. மற்ற மாநிலங்களும் பேசுகின்றன. பேசட்டும். ஆனால் எல்லோரும் பேசுவது வண்டியைப் பற்றி! ஏசி, டிவி, சோபா, ஓட்ட ஒரு டிரைவர், சமைக்க ஒரு ஆள். தண்ணீர் பிடிக்க டிரைவர் போனால் சிநேகிதம் டிரைவருக்குத்தான் கிடைக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்குக் கிடைப்பது நகரும் ஹோட்டல் அறை. அதற்கு நம் ஃபிளாட்டே போதுமே, பெட்ரோல் மிச்சம்.

நட்பு வண்டியோடு வருவதில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் ஏதாவது கேட்க வேண்டிய இடத்தில் அது வருகிறது. அந்த இடத்தைக் கட்ட பிரான்சின் மேரிகள் பெரிய பணம் போடவில்லை. வருகிறவர்கள் ஊரில் ரொட்டி வாங்குவார்கள், ஒயின் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். புண்ணியமும் ஆயிற்று, வியாபாரமும் ஆயிற்று.

நம் முன்னோருக்கு இது தெரியாதா? வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். வீதியில் போகிறவனுக்கு நிழல் தரத் தாழ்வாரம், உட்காரத் திண்ணை. வீட்டுக்காரன் காசில் கட்டிய பொது இடம் அது. மற்ற தெருக்களில் நாம் என்ன செய்தோம்? திண்ணையை இடித்துக் கார் நிறுத்தினோம். மிச்சத்துக்குக் கம்பிக் கதவு போட்டோம். பிறகு வெள்ளைக்காரனுக்கு நாதியில்லை என்கிறோம்.

ஆகவே அரசுக்கு என் மனு சுருக்கமானது. கேரவன் வாங்க மானியம் கொடுக்கும் முன், ஊருக்கு ஓர் இடம் கொடுங்கள். ஒரு குழாய், சுத்தமான கழிப்பறை, நாலு மரம், ஆறு பெஞ்சு. வண்டி இல்லாதவனும், வேன் பிடித்து வருபவனும் அங்கே உட்காரலாம்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை மகனோ மகளோ உங்களைச் சுற்றுலா அனுப்புவதாகச் சொன்னால், ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்காதீர்கள். சாயங்காலம் நாற்காலியை வெளியே போட இடம் இருக்கிறதா, பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலையும் நீங்களே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.