செல்ல நாய், பூனையின் உயிரைப் பறிக்கும் வீட்டு அலமாரி!

எலி மருந்து, காய்ச்சல் மாத்திரை, சாக்லெட்: ஆபத்து எது? ஏன்?

2025-ம் ஆண்டு எங்கே பார்த்தாலும் நாய்ப் பேச்சுதான். ஆகஸ்டு மாதம் டெல்லி தெருநாய்கள் பற்றி சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. அதே மாதத்தில் அந்த உத்தரவை மாற்றியும் விட்டது. ஆண்டு முடிவில், சென்னையில் வீட்டு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம் என்று மாநகராட்சி கண்டிப்பு காட்டியது. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்றதும், நாயைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஊசி போட ஓடினார்கள்.

டீக்கடையிலும் மின்சார ரெயிலிலும் நடந்த வாதம் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். நாயால் மனிதனுக்கு என்ன ஆபத்து?

மனிதனால் நாய்க்கு என்ன ஆபத்து என்று கேட்டவர்கள் குறைவு.

லைசென்ஸ் வாங்கியாச்சு. வெறிநோய்த் தடுப்பு ஊசியும் போட்டாச்சு. இனி கவலை இல்லை என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் சமையல் அறையில், மருந்து டப்பாவில், பால்கனியில் ஆபத்து காத்துக்கொண்டு இருக்கிறது. அதில் பாதி ஆபத்து பாசத்தோடு நீட்டிய கையில் இருந்தே வருகிறது என்பதுதான் வேதனை!

கொல்லையில் இருந்து ஹாலுக்கு

முன்பெல்லாம் நாய் என்றால் வாசல் திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ கிடக்கும். மிச்சம் மீதி சோறு தின்னும். வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை.

இப்போது நிலைமை வேறு. பிளாட்டில் வாசலும் கிடையாது, கொல்லையும் கிடையாது. நாய் ஹாலில் படுக்கிறது. பூனை பிரிட்ஜ் மேல் ஏறுகிறது. புருஷனும் பெண்சாதியும் காலையில் ஆபீசுக்குப் போனால் திரும்ப இருட்டி விடுகிறது. அதுவரை அந்த ஜீவன் வீட்டில் தனியாக இருக்கிறது. மோப்பம் பிடிக்கிறது. கடிக்கிறது. நக்கிப் பார்க்கிறது.

நாய்க்குக் கை கிடையாது. ஒரு பொருளை என்ன என்று தெரிந்துகொள்ள அதற்கு மூக்கும் வாயும்தான் உண்டு. தவழுகிற குழந்தைக்கு எட்டுகிற எதுவும் நாய்க்குட்டிக்கும் எட்டும். குழந்தையை "ச்சீ, போடாதே" என்று தடுக்க ஆள் உண்டு. தனியாக விடப்பட்ட நாயைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

எலிக்கு வைத்தது

பட்டியலில் முதல் இடம் எலி மருந்துக்குத்தான். கடையில் கிடைக்கும் எலி மருந்தில் பல வகை உண்டு.

கேக் மாதிரி வரும் மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. இதைத் தின்ற நாய் அன்றைக்கு ஓடி ஆடும், வாலை ஆட்டும். "ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டுக்காரர் விட்டு விடுவார். இரண்டு, மூன்று நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூக்கிலும் மலத்திலும் ரத்தம் வரும். இதற்கு மாற்று மருந்து உண்டு. வைட்டமின் 'கே-1' கொடுத்துக் காப்பாற்றலாம். ஆனால் தின்ற உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் சுலபம்.

இன்னொரு வகை, கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு. மசால் வடையிலோ கருவாட்டிலோ கலந்து மூலையில் வைப்பார்கள். வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷ வாயுவாக மாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நாய் வாந்தி எடுத்தால், அந்த நெடி பக்கத்தில் நிற்கிற மனிதரையும் தாக்கும். ஜன்னல் கதவைத் திறந்து வைத்துத்தான் கிட்டே போக வேண்டும்.

பூனைக்கு மருந்தே வைக்க வேண்டாம். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலே போதும், அதற்கும் விஷம் ஏறும்.

இது நாய், பூனையோடு நிற்கிற விஷயம் அல்ல. 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக மருந்து வைக்கப்பட்டது. அதன் நெடி பரவிய வீட்டில் தூங்கிய 2 குழந்தைகள் பரிதாபமாக இறந்தார்கள். எலிப்பொறி இருக்கும்போது விஷம் எதற்கு என்று ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டிய சம்பவம் அது.

அரை மாத்திரை

அடுத்த ஆபத்து மருந்து டப்பா. இங்கேதான் பாசம் வினையாக முடிகிறது.

பூனைக்கு உடம்பு சுடுகிறது. ராத்திரி நேரம், டாக்டர் இல்லை. "குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்கு அரை மாத்திரை கொடுத்தால் என்ன?" என்று பாரசிட்டமாலை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

மனிதனின் ஈரல் அந்த மாத்திரையைப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. மாத்திரை விஷமாக மாறி ரத்தத்தைக் கெடுக்கிறது. ரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு நீலமாகவோ, காப்பி நிறமாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். மூச்சுத் திணறும். 4 கிலோ பூனையைக் கொல்ல 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்றே போதும்.

நாய் மட்டும் தப்பி விடுமா? கால் நொண்டுகிறது என்று மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுத்தால், இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும்.

உண்ணி மருந்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் கலந்து இருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பூனைக்கு விட்டால் நடுக்கம் வந்து, இழுப்பு வந்து உயிருக்கே உலை வைக்கும். பாக்கெட்டில் நாய் படம் போட்டிருந்தால் அது நாய்க்கு மட்டும்தான்.

சாக்லெட்டும் புளியும்

"ஆசையாகப் பார்க்கிறது, ஒரு வாய் கொடு" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வார்த்தை.

சாக்லெட்டில் தியோபுரோமின் என்ற பொருள் இருக்கிறது. நாயின் உடம்பில் அது பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் பிடிக்கும். நிறம் கறுக்கக் கறுக்க விஷம் அதிகம். 3 கிலோ எடையுள்ள பொமரேனியன், 100 கிராம் கறுப்புச் சாக்லெட்டைத் தின்றால் பிழைப்பது கஷ்டம்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். நாய் தின்றால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை விழுந்து, மயங்கிச் சாய்ந்து விடலாம்.

வெங்காயம், பூண்டு இரண்டும் ரத்தச் சிவப்பு அணுக்களை உடைக்கும். வேக வைத்தாலும் விஷம் போகாது. பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரியாணி மிச்சத்தைக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரியாணி எலும்பு இன்னொரு தொல்லை. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

திராட்சை, உலர்ந்த திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது பல காலமாகப் புரியாத புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-ம் ஆண்டு அமெரிக்க கால்நடை டாக்டர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டே, புளி தின்ற நாய்களுக்கும் அதே கதி நேர்ந்ததை வெளியிட்டார்கள். புளியிலும் அந்த அமிலம் உண்டு. தமிழ்நாட்டில் புளி இல்லாத சமையல் அறை ஏது? புளி டப்பாவும் நாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும்.

தரை துடைக்கும் பினாயிலிலும் எச்சரிக்கை தேவை. பூனை ஈரத்தரையில் நடக்கும். பிறகு பாதத்தை நக்கும். பினாயில் நேராக வயிற்றுக்குப் போய்விடும். துடைத்த தரை காயும் வரை பூனையை வேறு அறையில் விட்டால் போதும்.

மாடியும் வெயிலும்

"பூனை எங்கே விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்" என்பார்கள். நிற்கும், உண்மைதான். நின்ற பிறகு என்ன ஆகிறது?

நியூயார்க் நகரில் மாடியில் இருந்து விழுந்து ஒரே ஆஸ்பத்திரிக்கு 5 மாதத்தில் வந்த 132 பூனைகள் பற்றி 1987-ல் டாக்டர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றதில் 10-க்கு 9 பிழைத்தன. ஆனால் தாடை உடைந்து, பல் போய், நுரையீரல் அடிபட்டுக் கிடந்தவை பல. ஆஸ்பத்திரிக்கு வராமலே செத்தவை அந்தக் கணக்கில் கிடையாது.

சென்னை பிளாட்டுகளில் புறாவுக்காக வலை கட்டுகிறார்கள். அதே வலை பூனையையும் காப்பாற்றும். மூலையில் இடைவெளி இல்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கத்தரி வெயிலில் நாய் படும் பாடு தனி. மனிதனைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். சப்பை மூக்கு உள்ள பக், புல்டாக் ஜாதிகளுக்கு அதுவும் சரியாக முடியாது.

"5 நிமிஷத்தில் வந்து விடுகிறேன்" என்று காரைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போகிறவர்கள் உண்டு. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். ஜன்னலை ஒரு அங்குலம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

தார் ரோட்டில் புறங்கையை வைத்து 7 விநாடி தாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்து போகும். காலை வெயில் ஏறும் முன்பும், ரோடு ஆறிய பிறகும் நடத்திச் செல்வதே நல்லது.

மழை வந்தால்

ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்து வேறு உருவம் எடுக்கிறது. ரோட்டில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலக்கிறது. அதைக் குடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். நாயிடம் இருந்து வீட்டு மனிதருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பு ஊசி உண்டு. வெறிநோய் ஊசியோடு இதையும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

செருப்பு இல்லாத ஜீவன் ஈர ரோட்டில் நடக்கிறது. மின்சார பில்லர் பாக்ஸ், விளக்குக் கம்பம் பக்கம் கால் தூக்க விடவே கூடாது. கசியும் மின்சாரம் நாயோடு நிற்காது. ஈரமான சங்கிலியைப் பிடித்தவரையும் இழுக்கும்.

தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிக் காணாமல் போகும் நாய்களும் உண்டு. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிக் கட்டினால் திரும்பி வர வழி இருக்கும்.

தேங்காய் எண்ணெய் வைத்தியம்

நாய் விஷத்தைத் தின்று விட்டது. வீட்டில் என்ன நடக்கிறது? ஒருவர் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் தேங்காய் எண்ணெய், முட்டை என்கிறார். மூன்றாவது ஆள் "காலையில் பார்த்துக்கலாம்" என்கிறார். அந்தப் பேச்சிலேயே பொன்னான நேரம் போய்விடுகிறது.

உப்புத் தண்ணீரே விஷமாகும். மண்எண்ணெய், ஆசிட் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பது இன்னும் மோசம். போன வழியெல்லாம் எரிந்துகொண்டே திரும்பி வரும். டாக்டர் வாந்தி எடுக்க வைத்து விஷத்தை வெளியே கொண்டுவர வாய்ப்பு இருப்பது பெரும்பாலும் முதல் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள்தான்.

செய்ய வேண்டியது மூன்றே மூன்று. எதைத் தின்றது? அந்த டப்பா, மாத்திரை அட்டை, காகிதம் எதுவானாலும் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு? அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையில்தான் இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். ராத்திரி 12 மணிக்கு எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதைப் பகல் 12 மணிக்கே விசாரித்து, நம்பரைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

காசு தேவை இல்லை

இத்தனை ஆபத்துக்கும் தடுப்பு என்று பார்த்தால் செலவு ரொம்பச் சொற்பம். குப்பைக் கூடைக்கு மூடி. மருந்து டப்பாவுக்கு உயரமான பலகை. எலி மருந்துக்குப் பதில் பொறி. பால்கனிக்கு வலை. டாக்டர் சொல்லாத மாத்திரையைக் கொடுப்பது இல்லை என்ற வைராக்கியம்.

5 ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து லைசென்ஸ் வாங்க நேரம் ஒதுக்கியவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தரையில் மண்டியிட்டு, நாயின் உயரத்தில் இருந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். கைக்கு எட்டுகிற விஷம் எல்லாம் அப்போது கண்ணில் படும். அன்றைக்கு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறுகிற டப்பாக்களால் தப்பிக்கப்போவது நாய் மட்டும் அல்ல. அதே தரையில் தவழும் பிள்ளைக்கும் அதுவே பாதுகாப்பு!