மக்குப் பிள்ளையா, மக்குப் பள்ளிக்கூடமா?

பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டால் தகப்பன் தலையெழுத்து என்கிறான். உபாத்தியாயர் மக்கு என்கிறார். ஊரில் சிலர் ஜாதியைச் சொல்லி, "அதற்கு எங்கே படிப்பு வரப்போகிறது" என்கிறார்கள். எல்லோரும் பிள்ளையின் மீதே பழி போடுகிறார்களே ஒழிய, பள்ளிக்கூடம் நடக்கும் முறையைப் பற்றி ஒருவரும் கேட்பதாகக் காணோம். ஆகவே நாம் கேட்கிறோம்.

கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒரு பிள்ளைக்குப் பத்து நாளில் வருகிறது. மற்றொன்றுக்கு இருபது நாள் வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடமோ பத்தாம் நாளே பாடம் முடிந்ததென்று பெருக்கலுக்குப் போய்விடுகிறது. பிறகு பெரிய வகுத்தல் வருகிறது. கழிக்கத் தெரியாத பிள்ளை வகுப்பது எப்படி? குறை முன் வருஷத்தினுடையது. அடி இந்த வருஷத்தில் விழுகிறது. 35 மார்க்குக்குத் தேர்ச்சி என்றால், மற்ற 65 மார்க்குக்குத் தெரியாததையும் மூட்டை கட்டி மேல் வகுப்புக்கு அனுப்புகிறோம் என்றுதானே அர்த்தம்? பாவு நூல் அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகே மேலே நெய்கிறான். அந்தப் புத்தி கல்வி இலாகாவுக்கு வேண்டாமா?

அமெரிக்காவில் ஜான் கரோல் என்பவர் 1963-ல், திறமை என்பது ஒருவன் கற்பதற்கு வேண்டிய காலத்தின் அளவே என்று வாதித்தார். சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் புளூம் 1968-ல் அதை ஒரு முறையாக்கினார். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சோதித்து, வராத பிள்ளைக்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்து, மறுபடியும் சோதித்த பின்பே மேலே போக வேண்டும் என்பது அது. இப்படிச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தேறக்கூடும் என்றார். சீக்கிரம் கற்ற பிள்ளைகள் காத்திருக்க நேருகிறது என்ற ஆட்சேபணை இதற்கு உண்டு, அது நியாயமானதே. அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஆனால் இன்றைய முறையில் காத்திருக்கக்கூட விடாமல் தள்ளிவிடப்படுகிறவர்களின் கதி என்ன?

நம் நாட்டிலும் இது நடவாத காரியமல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல், ஏணிப்படி போல் வரிசையாக்கிய அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் கற்கும் முறை நடந்தது. பின்பு மாகாணம் முழுவதும் பரவிற்று. ஆனால் ஒரே உபாத்தியாயர் பல படிகளிலுள்ள பிள்ளைகளைக் கவனிப்பதென்றால் ஆள் வேண்டும், அவகாசம் வேண்டும். "எத்தனை பாடம் முடித்தீர்" என்று கேட்கும் அதிகாரி, "எத்தனை பேருக்கு வந்தது" என்று கேட்க வேண்டும். அட்டை மட்டும் அச்சடித்தால் போதாது.

இதை விட்டு, 2019-ல் 5-ஆம், 8-ஆம் வகுப்புகளுக்கே பொதுப் பரீட்சை வைக்கச் சர்க்கார் உத்தரவிட்டது; எதிர்ப்புக் கண்டு 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கிற்று. பரீட்சை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாரந்தோறும்கூட வைக்கட்டும்; எது வரவில்லையென்று கண்டுபிடித்துச் சொல்லிக் கொடுப்பதற்காக வைக்கட்டும். ஒரு கழித்தல் தெரியாததற்காக ஒரு வருஷம் முழுவதையும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கழிக்கச் சொல்லுவது, செருப்பில் ஒரு ஆணி குத்தினதற்குக் காலை வெட்டுகிற வைத்தியமே ஆகும்.