உங்களுக்கு எது பொருத்தம்?



கனகராயன்குளத்தில் ஏ9 வீதியோரமாகக் கடை வைத்திருக்கும் என் உறவினர் வீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பு போயிருந்தேன். முன்னால் கடை, பின்னால் வீடு. ளுஹர் தொழுதுவிட்டு நாங்கள் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சானுக்குச் சீனி வருத்தம் வந்து பத்து வருடமாகிறது. அவருக்கென்று ராத்தா தனிச் சட்டியில் சிவப்பரிசிச் சோறும் எண்ணெய் குறைத்த கறியும் ஆக்கியிருந்தார். பிள்ளைகளுக்கு வேறு, விருந்தாளியான எனக்கு வேறு. நாங்கள் கை கழுவும்போது மணி ஒன்றரை. ராத்தா சாப்பிட உட்கார்ந்தபோது அஸர் நெருங்கிவிட்டது. எல்லாச் சட்டிகளிலும் மிஞ்சியதை ஒரே பீங்கானில் வழித்துப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் அமர்ந்தார். சோறுதான் மலைபோல் இருந்தது. கறி என்று சொல்ல அதில் அதிகம் இல்லை.

ராத்தாவுக்கும் நான்கு வருடமாக அதே வருத்தம் என்பதை அன்றுதான் அறிந்தேன். கால் பெருவிரலில் வந்த புண் மூன்று மாதம் ஆறாமல் இருந்து, விரலையே எடுக்கவேண்டி வருமோ என்று பயந்து, அல்லாஹ்வின் கிருபையால் தப்பியிருக்கிறார். "மச்சானுக்கு ஆக்குவதையே நீங்களும் சாப்பிடலாமே ராத்தா?" என்றேன்.

"சாப்பிட்டுப் பார்த்தேன் தம்பி. அவருக்குக் குறைந்தது, எனக்குக் குறையவில்லை. பிறகு எதைத் தின்றால் என்ன என்று விட்டுவிட்டேன்" என்றார்.

இந்தப் பதிலைச் சொல்லும் சகோதரிகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அச்சடித்த தாளில் கிடைத்த உணவுப் பட்டியலை இரண்டு வாரம் பின்பற்றுவார்கள். இறங்கவில்லை என்றதும் பழைய சோற்றுக்கே திரும்பிவிடுவார்கள். கணவருக்கென்று தனிச் சட்டி வைக்கும் பெண்ணுக்கு நோய் வந்தால், அவளுக்கென்று ஒரு சட்டி வைக்க அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை.

வவுனியா திரும்பும்போது பஸ்ஸில் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அபூதாவூத், திர்மிதி, இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் உள்ளது. உம்முல் முன்திர் (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் வருகிறார்கள். உடன் அலீ (ரழி) அவர்கள். நோயிலிருந்து எழுந்து இன்னும் தேறாத நிலை. வீட்டில் பேரீச்சங் குலைகள் தொங்குகின்றன. நபியவர்கள் அதிலிருந்து உண்கிறார்கள். அலீ (ரழி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நீங்கள் இப்போதுதானே நோயிலிருந்து எழுந்தீர்கள் என்று தடுக்கிறார்கள். பின்னர் அந்தப் பெண்மணி வாற்கோதுமையையும் 'ஸில்க்' என்ற ஒரு வகைக் கீரையையும் சமைத்து வைக்கிறார். இதை உண்ணுங்கள், உங்களுக்கு இதுவே கூடுதல் பொருத்தம் என்று நபியவர்கள் அலீ (ரழி) அவர்களுக்குக் கூறுகிறார்கள்.

அரபுக் கல்லூரியில் இதைப் 'பத்தியம்' என்ற பாடத்தில் ஓதினோம். நானும் அப்படியே மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். ராத்தாவின் பீங்கானைப் பார்த்த பிறகுதான் அதில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரே வீடு, ஒரே குலை. ஒருவர் உண்கிறார், மற்றவர் தடுக்கப்படுகிறார். பேரீச்சம்பழத்தின்மீது அங்கே எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. உண்பவரின் உடல்நிலைதான் பார்க்கப்பட்டது. தடுத்ததோடு விடாமல் மாற்று உணவும் காட்டப்பட்டது.

இக்கால ஆய்வுகளும் இதற்கு நெருக்கமாகத்தான் வருகின்றன. நீரிழிவு இல்லாத 800 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே உணவை ஒரே அளவில் உண்டபோதும் ஒருவருக்கு இரத்தத்தில் சீனி ஏறியது, மற்றவருக்கு அவ்வளவாக ஏறவில்லை. நோயில்லாதவர்களுக்கே இப்படி என்றால், மருந்து, வயது, உடல் எடை, தூக்கம், கவலை எல்லாம் வேறுபடும் நோயாளிகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மச்சான் நாள் முழுவதும் கடையில் நின்று மூட்டை தூக்குபவர். ராத்தா நேரத்துக்கு உண்ணாமல், பசி முற்றிய பிறகு ஒரேயடியாகச் சோற்றை உண்பவர்.

வவுனியாவிலிருக்கும் மகன் சீனி பார்க்கும் மெசின் ஒன்றை வாங்கி அனுப்பினான். அதற்குரிய ஸ்ட்ரிப்புகள் விலை கூடியவை, தினமும் குத்திப் பார்க்க நம்மவர்களுக்கு வசதி இல்லை. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், ஒரே ஒரு வேளை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். சாப்பிடுமுன் ஒரு தடவை, முதற் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறு தடவை. என்ன உண்டார், எத்தனை அகப்பை என்பதை மகள் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினாள். ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும் என்பது கண்டிப்பு. நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130, இரண்டு மணி நேரத்தின் பின் 180க்குக் கீழ் இருப்பது நல்லது என்பார்கள். வயதையும் நோயையும் பார்த்து டாக்டர் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.

கொப்பி சொன்ன கதை சுவாரஸ்யமானது. வெள்ளைச் சோறு நான்கு அகப்பை: 262. சரி, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். குரக்கன் பிட்டு வயிறு நிறைய: 241! ராத்தாவால் நம்ப முடியவில்லை. குரக்கனில் சீனியே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அதுவும் மாச்சத்துதான் சகோதரிகளே. நார் கூட இருக்கிறது, உண்மை. ஆனால் நைசாக அரைத்து, அளவில்லாமல் உண்டால் ஏறத்தான் செய்யும். அதே குரக்கனைப் பாதியாக்கி, பயற்றங்கறியோடு உண்ட நாளில் 190க்கு வந்தது.

சிவப்பரிசிச் சோறு இரண்டு அகப்பை, அதற்கு முன்னால் பொன்னாங்காணி வறையும் குளத்து விரால் மீனும், பிறகுதான் சோறு என்று உண்ட நாளில் 168. கீரையும் மீனும் முதலில் வயிற்றுக்குள் போனால் பின்னால் வரும் சோறு மெதுவாகச் செரிக்கிறது. சாப்பிட்டபின் கால் மணி நேரம் முற்றத்தில் நடந்த நாளில் இன்னும் குறைந்தது. மச்சானின் சட்டியிலிருந்த அதே அரிசிதான். நேரமும் அளவும் வரிசையும்தான் ராத்தாவுடையவை.

பனங்கட்டியும் தேனும் பற்றி ஒரு வார்த்தை. சீனி போடாத பிளேன்டீயை வைத்துக்கொண்டு, கையில் பனங்கட்டித் துண்டைக் கடிப்பது நம்மில் பலரின் வழக்கம். அதுவும் சீனியின் உறவுதான். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டென்று சூரத்துந் நஹ்லில் அல்லாஹ் கூறுகிறான். அதை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஆனால் நீரிழிவுள்ளவர் ரொட்டியில் மூன்று கரண்டி தேனை ஊற்றிக்கொள்ள அந்த ஆயத்தை ஆதாரமாக்குவது சரியல்ல. தேனும் இரத்தச் சீனியை ஏற்றும்.

நான் வைத்தியன் அல்லன். ஆகவே இரண்டு எச்சரிக்கைகளை டாக்டர்கள் சொன்னபடியே தருகிறேன். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக்கூடாது. சீனி 70க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்கவேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்றது சிறுநீரகம். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பது உங்களுக்குத் தெரியும். நீரிழிவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது பழுதானவர்களில் சிலருக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கும் என்பதால், மேலே நான் புகழ்ந்த கீரையும், இளநீரும், வாழைப்பழமும்கூடக் குறைக்கவேண்டி வரும். சீனி இறங்கும் என்று வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமிக்குச் சுகம் தந்தது என்பதற்காக எதையும் அரைத்துக் குடிக்காதீர்கள்.

2005, 2006இல் நீரிழிவைப் பற்றி நாடளாவிய பெரிய ஆய்வொன்று நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றில் பத்துப் பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அன்றுவரை அதை அறியாதவர்கள். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நம் பகுதியில் அப்போது எத்தனை பேர் அறியாமல் இருந்தார்களோ! 2011 முதல் அரசாங்கம் திறந்துவந்த சுகவாழ்வு நிலையங்களில் இலவசமாக இரத்தம் பார்க்கிறார்கள். நாற்பது தாண்டிய சகோதரிகள் கூச்சப்படாமல் போகலாம்.

கல்யாண வீட்டு ஸஹன் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று ராத்தா கேட்டார். ஐந்தாறு பேர் கூடி உண்ணும் ஸஹனில் அகப்பைக் கணக்கு எடுபடாது. ஆனால் அவரவர் தமக்கு முன்னாலிருப்பதை உண்ண வேண்டும் என்பது நபிவழி. தம் பக்கத்திலிருக்கும் இறைச்சியையும் சலாதையும் முதலில் உண்டு, சோற்றில் நான்கு கவளம் எடுத்து, வட்டிலப்பத்தைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் ராத்தா ஒன்றரை மணிக்கே உட்காருகிறார். மகள் பரிமாறுகிறாள். கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்து மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

நீரிழிவுள்ளவர்கள் ரமழான் நோன்பு பற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். நோற்க எண்ணுபவர்கள் ரமழானுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே டாக்டரைக் கண்டுகொள்ளுங்கள். வஸ்ஸலாம்.