விரிசலுக்குச் சாட்சி தேடுவது வீட்டுக்காரர் வேலையா?

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டாயிற்று. இடிஎஸ் ரயில் 2025 மார்ச்சில் சிகாமட்டுக்கும், ஆகஸ்டில் குளுவாங்குக்கும், டிசம்பரில் ஜொகூர் பாருவுக்கும் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த நல்ல திட்டம்; அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சாஆ வட்டாரத்தில் கட்டுமானத்தை ஒட்டி வாழ்பவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: எங்கள் சுவருக்கு யார் பொறுப்பு?

இவை மாளிகைகள் அல்ல. தோட்டத்து வேலையை விட்டு வந்தவர்கள் இபிஎப் பணத்தைப் போட்டு வாங்கிய மலிவு விலை வீடுகள், புதுக்கிராமத்துப் பழைய வீடுகள். பின்பக்கம் அடுப்படிக்காகச் சேர்த்துக் கட்டிய ஒட்டு இருக்கும். அதன் அஸ்திவாரம் தனி, ஆழமும் குறைவு. பைலிங் அடித்தாலும், மண்ணை இறுக்கும் ரோலர் அதிர்ந்தாலும், மண் லோரிகள் நாள் முழுக்க ஓடினாலும் முதலில் வாய் பிளப்பது அந்த ஒட்டும் வீடும் சேரும் இடம்தான். பிறகு ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஒரு கோடு ஏறும். நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் உரசும்.

புகார் கொடுத்தால் என்ன பதில் வரும்? "பழைய வீடு, அனுமதி வாங்காத ஒட்டு." இப்போது இன்னொரு சாக்கும் கைக்குக் கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 24 காலை சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் நடுங்கியது. இனி எந்த விரிசலையும் அதன் தலையில் கட்டிவிடலாம்!

எல்லா விரிசலும் ரயில் வேலையால் வந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். அதனால்தான் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டையும் படமெடுத்துப் பதிவு செய்யும் முறை இருக்கிறது. அந்தப் பதிவின் நகல் வீட்டுக்காரர் கையில் இல்லாவிட்டால் அது குத்தகையாளருக்கு மட்டுமே உதவும் ஆவணம். அப்படியொரு பதிவே எடுக்காத வீட்டில், சேதம் தன்னால் வரவில்லை என்று காட்டும் கடமை குத்தகையாளருடையதாக இருக்க வேண்டும். எண்பது வயதுப் பாட்டி பொறியாளர் வைத்தா நிரூபிப்பார்?

சட்டமும் இங்கே அரைக்கண் மூடியிருக்கிறது. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கப்பட்டவர் தன் மிச்சச் சொத்துக்கு வரும் பாதிப்புக்கும் இழப்பீடு கேட்கலாம். நிலம் எடுக்கப்படாத, வேலியை ஒட்டிய அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை. அவர் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். செலவு யாரால் முடியும்?

வெளிநாட்டில் நடந்ததையும் பாருங்கள். கொல்கத்தா பவுபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டதும் மேலே வீடுகள் சரிந்தன. குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு உடனே வந்தது. 2022 மே மாதம் அதே வட்டாரத்தில் மறுபடியும் வீடுகளில் விரிசல் விழுந்தது. இடிந்து விழுந்தால் அமைச்சர் வருகிறார். மெல்லப் பிளந்தால் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

போக்குவரத்து அமைச்சு மூன்று காரியங்களைச் செய்யட்டும். குத்தகையாளரின் சம்பளப் பட்டியலில் இல்லாத பொறியாளரை அனுப்பிப் புகார் வந்த வீடுகளைப் பரிசோதிக்கட்டும். கட்டுமானக் காலத்து அதிர்வுப் பதிவுகளை வெளியிடட்டும். இவை முடியும்வரை குத்தகையாளருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காமல் இருக்கட்டும். லாபிஸ் மாவட்ட மன்றம் புகார்களை வீடு வீடாகப் பதிந்து தரலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

குடியிருப்பாளர்களுக்கு ஒன்று: விரிசலின் பக்கத்தில் அளவுகோலை வைத்து, தேதியோடு படமெடுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அரசுத் தரப்பின் மீது வழக்குத் தொடுக்க உள்ள காலம் 36 மாதங்கள்தான்.