சின்னத்துக்கு ஒரு லட்சம், காருக்கு எவ்வளவு?

கொஞ்சம் நீளமான பதிவு. புதுக் கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். சாதாரண விலைக் கார் ஒன்றை எடுத்து, முன்பக்கக் கிரில்லை மாற்றி, சீட்டுக்குத் தோல் உறை போட்டு, பானெட்டில் வேறொரு சின்னத்தை ஒட்டி, "சொகுசுக் கார்" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கார் உலகில் சின்னம் மாற்றி விற்பதற்கு 'ரீபேட்ஜிங்' என்று கௌரவமான பெயர் உண்டு. ரேஷன் அரிசிக்குப் பாலிஷ் போட்டு, பொன்னி என்று மூட்டை கட்டி விற்றால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர் சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பெனிகள் ஒரே எஞ்சினையும் சேசிஸையும் பகிர்ந்துகொள்வதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஒரு காரைப் புதிதாக உருவாக்க ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. பகிர்ந்தால் செலவு குறையும், நல்லதுதான். ஆனால் குறைந்த செலவின் லாபம் கம்பெனிக்கு, ஏறிய விலை நமக்கு, உண்மை மட்டும் யாருக்கும் இல்லை என்றால் எப்படி? என் சண்டை அதோடுதான்.

இந்த வித்தைக்குக் கார் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் கேடிலாக் சிமரான்.

கேடிலாக் எப்படிப் பெயர் வாங்கியது தெரியுமா? 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கேடிலாக் கார்களை முழுக்கக் கழற்றினார்கள். பாகங்களை ஒன்றாகக் குவித்துக் கலந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து மறுபடியும் மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். எந்தக் காரின் பாகமும் எந்தக் காரிலும் பொருந்தியது. அன்றைக்கு அது அதிசயம். அதற்காக டூவார் கோப்பை கிடைத்தது. அப்படி வேலைத் திறமையால் சம்பாதித்த பெயர் அது.

அடுத்த ஆண்டே கேடிலாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. பின்னாளில் அந்தக் கம்பெனியின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஓர் ஏணி கட்டினார். கீழ்ப்படியில் செவ்ரோலெட், அதற்கு மேல் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், உச்சியில் கேடிலாக். சம்பளம் ஏற ஏற ஒவ்வொரு படியாக ஏறலாம். படிக்குப் படி காரும் உண்மையிலேயே மாறியது. அதனால் கூடுதல் விலை கேட்பதில் நியாயம் இருந்தது.

1979இல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. கம்பெனி விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற சட்டமும் ஏற்கெனவே இருந்தது. இன்னொரு பக்கம் பி.எம்.டபிள்யூ போன்ற சிறிய ஐரோப்பியச் சொகுசுக் கார்கள் வாடிக்கையாளர்களை இழுத்தன. கேடிலாக் டீலர்கள் எங்களுக்கும் ஒரு சின்னக் கார் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். புதிதாக ஒன்றை உருவாக்க நேரமில்லை. என்ன செய்தார்கள்? ஏணியின் கீழ்ப்படிக்காகத் தயாரான செவ்ரோலெட் கவலியரை எடுத்து உச்சிப் படியில் வைத்தார்கள்.

1981இல் சிமரான் வந்தது. எஞ்சின் 1.8 லிட்டர், 88 குதிரைத்திறன். தோல் சீட், ஏ.சி., அலாய் சக்கரம் எல்லாம் உண்டு. விலை ஏறத்தாழ 12,000 டாலர். அதே உடம்பு கொண்ட செவ்ரோலெட்டைவிடப் பல ஆயிரம் டாலர் அதிகம். இவ்வளவு கொடுத்தும், ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு! இதே உடம்பு பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் கடைகளிலும் வேறு வேறு பெயரில் நின்றது. ஒரு தாய் வயிற்றில் ஐந்து பெண்கள். அதில் ஒருத்திக்கு மட்டும் பட்டுப்புடவை கட்டி ஜமீன்தார் மகள் என்று சம்பந்தம் பேசிய கதை.

ஊர் சும்மா இருக்குமா? முதல் ஆண்டில் சுமார் 26,000 விற்றது. பிறகு என்னென்னவோ செய்தும் எடுபடவில்லை. 1988இல் நிறுத்தினார்கள். 2007இல் டைம் இதழ் வெளியிட்ட மிக மோசமான 50 கார்கள் பட்டியலில் சிமரானுக்கும் ஓர் இடம் கிடைத்தது. பாகம் மாற்றிப் பூட்டிப் பெருமை சம்பாதித்த கம்பெனி, சின்னம் மாற்றி ஒட்டி அந்தப் பெருமையைச் செலவழித்தது.

"சார், இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நம் சென்னைக்கே வருகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்டு 2000 ஞாபகம் இருக்கும். 1985இல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கொண்டுவந்த சொகுசுக் கார். உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அங்கே 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது வாங்கிய வண்டி. அங்கே அதன் பெயரைத் தூக்கி நிறுத்தியது 3.5 லிட்டர் வி8 எஞ்சின். இங்கே உள்ளே வைத்தது என்ன? ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்ற 1940களின் கார் வழியில் வந்த 2 லிட்டர் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின்தான் ஒரு காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியது. சிமரானில் சாதாரணக் காருக்குச் சொகுசுச் சின்னம். இதில் சொகுசு உடம்புக்குப் பழைய இதயம். வழி வேறு, வித்தை ஒன்றுதான். அம்பாசடரைவிட மிக அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். மூன்று நான்கு ஆண்டில் அந்தக் காரின் கதை முடிந்தது.

அடுத்தது ஒரகடம். அங்கே ரெனோ, நிசான் இரண்டுக்கும் ஒரே தொழிற்சாலை. 2012இல் ரெனோ டஸ்டர் வந்தது. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பூர்வீகத்தைக் கேளுங்கள். ஐரோப்பாவில் அது 'டாச்சியா' என்ற ருமேனியக் கம்பெனியின் பெயரில் விற்றது. ரெனோவின் கையில் உள்ள மலிவு விலை பிராண்டு அது. டஸ்டரின் அடித்தளம், 5,000 யூரோவுக்கு ஒரு கார் என்ற நோக்கத்தோடு பிறந்த லோகானின் வழியில் வந்தது. அங்கே "விலை குறைவு" என்பதுதான் அதன் பெருமை. இங்கே வந்ததும் ரெனோ சின்னம் ஒட்டி ஒரு படி ஏற்றினார்கள். 2013 அக்டோபரில் முகப்பையும் விளக்குகளையும் மாற்றி, நிசான் டெரானோ என்று பெயரிட்டு, டஸ்டரைவிட உயர்ந்த ரகம் என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். அதே தொழிற்சாலை, அதே எஞ்சின்கள். மக்கள் டெரானோவை ஒதுக்கிவிட்டு டஸ்டரையே அதிகம் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். நம் மக்கள் முட்டாள்கள் அல்ல. ஆனால் விசாரிக்க வழியில்லாமல் ஷோரூம் பையன் சொன்னதை நம்பி வாங்கியவர்களும் இருந்திருப்பார்களே?

இங்கேதான் கணக்கு வாத்தியாராக நான் நுழைகிறேன். சின்னத்துக்காக மட்டும் கூடுதலாக ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் அதைக் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. 9 சதவீத வட்டிக்கு 7 ஆண்டுக் கடன் என்றால் அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை சுமார் 1,609 ரூபாய். 84 மாதத்தில் கட்டி முடிக்கும்போது 1,35,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். சாலை வரி விலையை வைத்துத்தான், அதிலும் கூடுதல். இன்ஷூரன்ஸ் காரின் மதிப்பை வைத்துத்தான், அதிலும் கூடுதல். இத்தனையும் எதற்கு? கிரில்லின் நடுவில் இருக்கும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்குக்கு.

வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் அடுத்தபடியாக நம் குடும்பங்கள் செய்யும் பெரிய செலவு கார்தான். அந்த 1,35,000 ரூபாய் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். பி.எஃப். பணத்தை எடுத்து முதல் முறையாகக் கார் வாங்கும் ஒருவருக்கு அது விளையாட்டுப் பணம் அல்ல.

என் பழைய மாணவர் ஒருவர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறார். ஒரு நாள் ஒரு உதிரி பாகத்தை என் கையில் கொடுத்தார். அட்டைப் பெட்டியில் ஒரு கம்பெனி பெயர், பாகத்தின் மேல் வேறு கம்பெனி முத்திரை. "பொருள் ஒண்ணுதான் சார், பெட்டிக்குத்தான் காசு" என்றார். வாங்கும் அன்றைக்கு மட்டுமல்ல, வண்டி ஓடும் வரைக்கும் இந்தச் செலவு தொடரும்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். "சொகுசு என்பதே மரியாதைக்குக் கொடுக்கும் விலைதானே சார்? தெரிந்தே கொடுக்கிறார்கள், உங்களுக்கு என்ன?"

தெரிந்தே கொடுத்தால் எனக்கு ஒன்றுமில்லை. 2011இல் பிரிட்டனின் ஆஸ்டன் மார்ட்டின் சிக்னெட் என்று ஒரு குட்டிக் கார் விட்டது. டொயோட்டா ஐ.க்யூ. என்ற சின்னக் காரை வாங்கி, உள்ளே தோல் தைத்து, 30,000 பவுண்டுக்கு மேல் விலை வைத்தார்கள். ஐரோப்பாவின் புகை விதிகளுக்காகக் கம்பெனியின் சராசரியைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் இது டொயோட்டாதான் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. விஷயம் தெரிந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? மிகச் சிலர்தான் வாங்கினார்கள். 2013இல் மூடினார்கள். உண்மையைச் சொன்னால் வாங்குபவர் சரியாக முடிவெடுப்பார் என்பதற்கு இதுவே சாட்சி. சொல்லாமல் இருப்பவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

நேர்மையாகவும் செய்யலாம். 2019இல் மாருதி பலேனோவை டொயோட்டா கிளான்ஸா என்று விற்க ஆரம்பித்தது. கார் அதேதான், ஊருக்கே தெரியும். ஆனால் கொள்ளை விலை வைக்கவில்லை. பலேனோவுக்கு 2 ஆண்டு வாரண்டி இருந்தபோது கிளான்ஸாவுக்கு 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டர் கொடுத்தது. சின்னம் மாறியதால் வாங்குபவருக்கு ஏதோ கிடைத்தது. அப்படிச் செய்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

சட்டத்துக்கும் இதில் வேலை உண்டு. 1977இல் அமெரிக்காவில் ஒருவர் தன் ஓல்ட்ஸ்மொபைல் காரைப் பராமரிப்புக்கு விட்டார். ஓல்ட்ஸ்மொபைலுக்கான பாகம் பொருந்தவில்லை. பார்த்தால் உள்ளே இருப்பது செவ்ரோலெட் எஞ்சின்! இல்லினாய் மாநில அரசு வழக்குப் போட்டது. கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு விளம்பரங்களிலேயே, எஞ்சின் எங்கள் எந்தப் பிரிவிலிருந்தும் வரலாம் என்று அச்சிட ஆரம்பித்தார்கள். யாராவது கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

நம் நாட்டில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தயாரித்தவர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறான விளம்பரம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பத்து லட்ச ரூபாய்க் காரின் விளம்பரத்தில், "இந்தக் காரின் அடித்தளம், எஞ்சின், கியர்பாக்ஸ் இன்ன காருடையவை, இன்ன இடத்தில் தயாரானது" என்று இரண்டு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் இந்த இரண்டு வரி ஒட்டியிருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஷோரூமுக்குப் போனால் இந்த நான்கையும் மறக்காதீர்கள்:

1. இதே கார் வேறு எந்தப் பெயரில், என்ன விலைக்கு விற்கிறது என்று கேளுங்கள்.

2. எஞ்சினும் கியர்பாக்ஸும் யாருடையவை, எந்தத் தொழிற்சாலை என்று கேளுங்கள்.

3. இரண்டு வண்டியையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு சர்வீஸ் சென்டரிலும் பிரேக் பேட் விலை விசாரியுங்கள்.

4. கூடுதல் பணத்துக்குக் கூடுதலாக என்ன தருகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியா, ஏர்பேக்கா, சர்வீஸா? "பிராண்டு வேல்யூ சார்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம், தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். பத்து லட்சம் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஏன் ஏ.சி. குளிருக்கும் ஓசிக் காபிக்கும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

கார் வாங்கப்போகும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள். இப்படி இரண்டு பெயரில் விற்கும் வேறு கார்கள் உங்களுக்குத் தெரிந்தால், இரண்டின் விலையோடு கீழே எழுதுங்கள். பட்டியலை நாமே போட்டுவிடுவோம்.