ஒரே ஓர் எழுத்துத்தான்!



கிண்ணியாவுக்கு அனுப்பும் கடிதத்தில் 'கின்னியா' என்று எழுதிவிட்டாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரர் மனிதர்; பிழையைப் பொறுத்து, நினைத்ததைப் புரிந்துகொள்வார். கணனிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களில், வீட்டிலிருந்தபடியே இணையப் பக்கம் அமைக்கப் பழகும் பிள்ளை உங்களிடம் இருக்கலாம். நாலு நாள் முயன்றும் திரை வெறுமையாகவே இருந்தால், "எனக்கு இது சரிவராது உம்மா" என்று மூடிவைத்து விடுவாள். குறை அவள் அறிவில் இல்லை. பெரும்பாலும் ஓர் எழுத்தில்தான் இருக்கும்.

தமிழிலோ அரபியிலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை. ஆங்கிலத்தில் கெப்பிட்டல், சிம்பிள் என இரண்டு உண்டு. 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு அவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள். நமக்கு 'மனம்' வேறு, 'மணம்' வேறு அல்லவா? அதுபோலத்தான். அதில் 'கெட் எலிமெண்ட் பை ஐடி' என்றொரு கட்டளை உண்டு. இடைவெளியின்றி எழுத வேண்டும். இ, பி, ஐ மூன்றும் கெப்பிட்டல். கடைசி டி சிம்பிள். அந்த டியையும் கெப்பிட்டலாக்கினால் கட்டளை வேலை செய்யாது.

பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல். சற்றுத் தாராளமானது, அதன் குறிச்சொற்களை எப்படி எழுதினாலும் ஏற்கும். ஆனால் படங்களின் பெயரில் கவனம் தேவை. வீட்டு விண்டோஸ் கணனியில் தெரிந்த துறைமுகப் படம், இணையத்தில் ஏற்றியதும் காணாமற் போகலாம். அங்குள்ள லினக்ஸ் கணனி, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பேதம் பார்க்கும்.

ஆகவே மூன்று பழக்கங்கள்:

கோப்புகளின் பெயர்களை இடைவெளியின்றி, முழுவதும் சிம்பிள் எழுத்தில் வையுங்கள்.

திறந்த அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் உடனே மூடுங்கள். ஒன்று விடுபட்டாலும் அந்த நிரல் முழுவதுமே ஓடாமல் நின்றுவிடும்.

பக்கம் இயங்காவிட்டால் எஃப் 12 விசையை அழுத்தி, 'கொன்சோல்' பகுதியைப் பாருங்கள். பிழையுள்ள வரியின் எண் சிவப்புக் குறிப்போடு தெரியும். அதற்கு மேல் வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

தையல் ஓரிடத்தில் பிசகினால் அந்த இடத்தைப் பிரித்துத் தைப்போம். துணியை வீசிவிட மாட்டோம். இதையும் உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.