பார்வை திரும்பாதுன்னு யார் சொல்றது?

கண்ணில் என்ன கோளாறு வந்தாலும் நம்மூரில் அதற்கு ஒரே பெயர்தான்: புரை. புரை என்றால் ஆபரேஷன், லென்ஸ், மறுநாள் கட்டைப் பிரித்தால் பளிச்சென்று பார்வை. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒருவர் கிளாக்கோமாவுக்கும் போய் உட்காருகிறார். "தினமும் ராத்திரி ஒரு சொட்டு விடுங்க." அவ்வளவுதான், அடுத்த பேஷண்ட்!

மூன்று மாதம் விடுகிறார். பார்வை கூடவில்லை. விட்டால் கண் சிவக்கிறது, எரிகிறது, பாட்டிலுக்குச் சில நூறு ரூபாய் வேறு. விடாவிட்டால்? ஒன்றுமே தெரியவில்லை! காசும் மிச்சம், எரிச்சலும் இல்லை. விவரம் தெரியாத யாரும் நிறுத்தத்தானே செய்வார்கள்? சில வருடம் கழித்து, கதவு நிலையில் இடித்துக்கொண்டு திரும்பி வரும்போது, "ஒழுங்கா மருந்து விட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று திட்டு. இந்தத் திட்டு உண்மையில் யாருக்குப் போக வேண்டியது?

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். இந்த மருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைத்தான் காக்கும்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன (அழுத்தம் சாதாரணமாக இருந்தும் சிலருக்கு இது வருவதுண்டு). செத்த நரம்பு மறுபடி முளைக்காது. பெரும்பாலும் ஓரப்பார்வைதான் முதலில் போகிறது என்பதால், போர்டில் கடைசி வரி வரை படித்துவிடலாம். கண்ணாடிக் கடை இலவச டெஸ்டில் "கண்ணு சூப்பர்" என்று அனுப்பிவிடுவார்கள். தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை பரிசோதித்த ஆய்வு 2003-ல் வெளியானது. நூற்றுக்கு 2.6 பேருக்கு கிளாக்கோமா. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

சரி, சொட்டு மருந்து ஒன்றுதான் வழியா? இல்லை. எஸ்எல்டி என்ற லேசர் சிகிச்சை இருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் நாலில் மூன்று பேருக்கு மூன்று வருடம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. எல்லா வகை கிளாக்கோமாவுக்கும் இது பொருந்தாது. பலன் நாளடைவில் குறையலாம், மறுபடி செய்ய வேண்டி வரலாம். ஆனாலும் தினமும் சொட்டு விட முடியாதவரிடம் இப்படி ஒன்று இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டாமா? இரண்டுக்கும் அழுத்தம் அடங்காவிட்டால், நீர் வடியப் புதுவழி அமைக்கும் ஆபரேஷன். அதுவும் போன பார்வையைக் கொண்டுவராது. இதைச் சொல்லாமல் செய்தால், "ஆபரேஷன் பண்ணியும் தெரியலையே" என்று ஊரெல்லாம் பேசத்தான் செய்வார்கள்.

"வெளியில நூறு பேர் காத்திருக்காங்க, விளக்க ஏது நேரம்?" என்பது வழக்கமான பதில். நியாயம்தான். ஆனால் புரை ஆபரேஷனுக்கு எந்த லென்ஸ் என்ன விலை என்று பொறுமையாக விளக்க மட்டும் பல ஆஸ்பத்திரிகளில் தனி ஆள் உண்டே! காசு வரும் இடத்தில் நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. அதே ஆள் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்கலாம். டிமோலால் சொட்டு அவர்களுக்கு ஆபத்து. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லலாம். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி.

கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும், அவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அவருடைய தம்பியோ கண்ணாடிக் கடையில் "கண்ணு சூப்பர்" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.